தூரிகை தீட்டாமை: வாவிக்கரை ஸ்டூடியோக்களில் மும்மலத்தின் செல்வாக்கு பற்றிய ஓர் ஆய்வு

போட்டோஷொப்பில் தூரிகையை எடுத்து ஒரு முறை இழுக்கிறோம். கோடு விழவில்லை. மவுஸுக்கு அழுத்தம் விளங்கும் என்ற நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுக்கிறோம். அப்போதும் விழவில்லை. இந்த இரண்டாவது இழுப்புக்கும், "இது வைரஸ்தான்" என்று பக்கத்து மேசையில் இருந்து தீர்ப்பு வருவதற்கும் இடைப்பட்ட சிறு பொழுதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

இம்மென்பொருளின் பிறப்பே ஓர் ஆய்வேட்டோடு தொடர்புடையது என்பதை முதலில் பதிவு செய்யவேண்டும். 1987 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோல், ஆய்வேட்டைப் பார்க்கவேண்டிய நேரத்தில், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படிகளைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதத் தொடங்கினார். திரைப்படத் தொழிலில் இருந்த சகோதரர் ஜோன் அதில் கைகொடுக்க, 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனம் அதைப் போட்டோஷொப் என்ற பெயரில் வெளியிட்டது. ஆய்வேட்டுக்குச் செலவாகவேண்டிய உழைப்பு மென்பொருளுக்குப் போயிற்று. அந்தக் கடனை மட்டக்களப்பில் இருந்து ஓரளவாவது திருப்பிச் செலுத்துவது இக்கட்டுரையின் துணை நோக்கம்.

ஆய்வுப் பரப்பு, வடக்கே ஏறாவூர் முதல் தெற்கே களுவாஞ்சிக்குடி வரையும், மண்முனைப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் ஆகும். தகவலாளிகள்: படம் எடுப்போர், பனர் அடிப்போர், கல்யாணக் காட்டும் கல்வெட்டும் அச்சிடுவோர். (வெளியூர் வாசகருக்காக: இங்கே கல்வெட்டு என்பது, இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுச் சிறுநூல்.) ஆய்வுக்கான நிதியுதவி பிளேன்டீ வடிவில் கிடைத்தது. மென்பொருளின் உரிமம் பற்றிய வினாவுக்கு எவரும் விடையளிக்கவில்லை. அந்த வினா கேட்கப்பட்ட இடங்களில் பிளேன்டீயும் வரவில்லை.

முன்னோர் ஆய்வுகளைத் தொகுத்துரைக்காமல் மேலே போவது மரபில்லை. காரணம் தெரியாத ஒன்றுக்குக் காது கொடுத்து ஆராயும் வழக்கம் மட்டக்களப்பு வாவிக்குப் பழையது. 1848 இல் இங்கு வந்த சேர் எமர்சன் டெனன்ட், நிலவு எழுந்த பின் மீனவர்களோடு தோணியில் போய், தண்ணீருக்குள் இருந்து வந்த இசையைக் கேட்டார். 1859 இல் வெளியான தமது இலங்கை நூலில் அதை எழுதியும் வைத்தார். ஊர் அதை மீனின் பாட்டு என்கிறது. அவர் சிப்பி இனத்தின் பக்கம் சாய்ந்தார். மீனவர்களோ, அழுகிற ஊரி ஒன்று உண்டு என்றார்கள். சரி, பிடித்து வாருங்கள் என்று அனுப்பியபோது ஆளுக்கொரு வகை ஊரியைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். இந்த ஆய்வு நெறி ஸ்டூடியோக்களில் சிதையாமல் இருக்கிறது. தூரிகை ஏன் தீட்டவில்லை என்று கேட்டால், ஒருவர் வேறு மவுஸைக் கொண்டுவருவார். ஒருவர் ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துக் கொண்டுவருவார். ஒருவர் விண்டோஸையே திரும்பப் போட ஆயத்தமாக வருவார். பாடிய ஊரி மட்டும் வருவதில்லை.

இவ்வட்டாரத்து ஆய்வென்றால் யாழ் நூலைக் குறிப்பிடாமல் விடமுடியாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த ஓர் இசைக்கருவியின் இலக்கணத்தை ஆண்டுக்கணக்கில் தேடி 1947 இல் அதை வெளியிட்டார். அதுவும் கருவி ஆய்வு, இதுவும் கருவி ஆய்வு. ஒற்றுமை அவ்வளவோடு நிற்கிறது.

கோட்பாட்டுச் சட்டகம் என்ற ஒன்று இல்லாமல் இக்காலத்தில் ஆய்வு செய்ய விடமாட்டார்கள். பாரிஸில் இருந்து ஒன்றைத் தருவிக்கலாம். ஆனால் தான்தோன்றீஸ்வரர் எழுந்தருளியிருக்கும் மாவட்டத்தில் சைவ சித்தாந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உயிரைப் பற்றிய மலம் மூன்று: ஆணவம், கன்மம், மாயை. ஐந்தென்று எண்ணுவாரும் உளர். ஸ்டூடியோவுக்கு மூன்றே தாராளம். தூரிகை தீட்டாமைக்கும், கிரொப் குழப்பத்துக்கும், எழுத்து விழாமைக்கும், முகம் நீளுதலுக்கும் இம்மூன்றுக்கு வெளியே காரணம் தேடுவது பெரும்பாலும் வீண் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கருதுகோளை முதலிலேயே முடிவாகவும் அறிவித்துவிடுகிறோம், பனர் கடையில் காத்திருக்க நேரமில்லாதவர்களுக்காக.

ஆணவத்தை விரைவில் முடிக்கலாம். அது செம்பிற் களிம்புபோல உடன்பிறந்தது. அதன் வெளிப்பாடு ஒரே ஒரு வாக்கியம்: "நான் ஒண்டும் அமத்தல்ல." பின்வரும் உரையாடல் ஓர் அச்சகத்தில் பதிவு செய்யப்பட்டது.

"அண்ணே, பிரஷ்ஷிர வட்டத்தக் காணல்ல. குரிசு மாதிரி ஒண்டு நிக்கிது."

"என்ன அமத்தின நீ?"

"ஒண்டும் அமத்தல்லண்ணே."

"கப்ஸ் லொக் லைட் எரியுதா பாரு."

"எரியிது. மறுகா அது நானில்ல."

கப்ஸ் லொக் எரிந்தால் தூரிகையின் வட்டம் மறைந்து குறுக்குக்கோடாக மாறும். இது கோளாறன்று, நடுப்புள்ளியைத் துல்லியமாகப் பார்க்க விரும்புவோருக்கென்று வேண்டுமென்றே வைத்த வசதி. வட்டம் மறைவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு: தூரிகை ஒரு புள்ளியளவு சிறுத்திருக்கும், அல்லது திரையைவிடப் பெருத்து, அதன் கரை திரைக்கு வெளியே எங்கோ போயிருக்கும். மூன்றாவதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களை ஸ்டூடியோக்களில் மூத்தவர்கள் என்று அழைக்கிறார்கள்.

மாயை சற்று விரிவானது. உள்ளதை இல்லாததாகவும் இல்லாததை உள்ளதாகவும் காட்டுவது அதன் தொழில் என்று இங்கே கொள்கிறோம். (மறைப்பது திரோதான சத்தியின் வேலை, மாயையின் வேலையன்று என்று சித்தாந்தம் முறையாகக் கற்றோர் சண்டைக்கு வரலாம். அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஐந்து மலத்துக்கு இங்கே இடம் போதாது.) தலையாய மாயை, மறைந்த தேர்வு. படத்தின் மூலையில் குண்டூசித் தலையளவு இடத்தை யாரோ தேர்ந்தெடுத்திருப்பார்கள். கொன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமத்தினால் தேர்வைச் சுற்றி ஊரும் எறும்புக்கோடு மறைந்துவிடும், தேர்வு மறையாது. அந்தக் குண்டூசித் தலைக்குள் மட்டுமே இனித் தூரிகை தீட்டும். மற்ற இடமெல்லாம் இழுத்து இழுத்துக் கை சோரவேண்டியதுதான். பரிகாரம் கொன்ட்ரோல் டி. காரணம் என்னவென்று தெரியாதபோதும் முதலில் இதை அமத்திப் பார்க்கலாம். தேர்வு ஒன்று தொலைவதைத் தவிர வேறு நட்டமில்லை.

கியூ விசை தவறிப் பட்டால் விரைவு மறைமூடி வரும். கறுப்பால் தீட்டினால் சிவப்பு விழும். லேயருக்குப் பதிலாக அதன் மறைமூடி தேர்வாகியிருந்தால் பச்சையைத் தொட்டாலும் நீலத்தைத் தொட்டாலும் சாம்பல்தான் வரும். டப் விசை பட்டால் பெட்டிகளெல்லாம் ஒருசேர மறையும். "ஆரோ எல்லாத்தையும் அழிச்சிட்டான்" என்ற கூக்குரல் எழும். இன்னொரு தரம் டப் அமத்த எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். கிளோன் ஸ்டாம்ப்பின் மாயை நுட்பமானது. பழைய படத்தின் கீறலை மூட, கவனமுள்ளவர்கள் புதிதாக ஒரு வெற்று லேயரைத் திறந்து அதில் வேலை செய்வார்கள். மாதிரி எடுக்கும் இடம் 'நடப்பு லேயர்' என்று இருந்தால் கருவி வெறுமையில் இருந்து வெறுமையை எடுத்து வெறுமையின் மேல் வைக்கும். ஒரு குறையும் சொல்லாது. 'எல்லா லேயரும்' என்று மாற்றும் வரை அது அப்படியே உழைத்துக்கொண்டிருக்கும்.

மாயை பற்றிய மிகத் தெளிவான வாக்கியத்தை எழுதியவர்கள் அடோபியின் பொறியியலாளர்களே. தேர்வின் விளிம்பை அளவுக்கு மீறி மென்மையாக்கினால் ஓர் அறிவித்தல் வரும்: எந்தப் புள்ளியும் 50 வீதத்துக்கு மேல் தேர்வாகவில்லை, ஆகவே தேர்வின் கரை கண்ணுக்குத் தெரியாது. தேர்வு உண்டு, ஆனால் தெரியாது. இதற்கு உரை எழுத ஒரு மடம் போதாது.

இனிக் கன்மம். இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீட்டில் தனியே இருந்து ஒரே கணினியைப் பாவிப்பவருக்கு இது முழுமையாக விளங்காது. வாவிக்கரை ஸ்டூடியோவில் ஒரு கணினிக்குக் காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர், கோயில் சடங்குக் காலத்தில் இரவுக்கு இன்னொருவர். போட்டோஷொப் எதையும் மறப்பதில்லை. கடைசியாக எந்தக் கருவிக்கு எந்த அளவு கொடுக்கப்பட்டதோ அதையே, கொடுத்தவர் எழுந்து போன பின்பும், அடுத்து வந்து இருப்பவருக்குப் பரிமாறும். செய்தவர் ஒருவர், அனுபவிப்பவர் ஒருவர். ஊழ் உருத்து வந்து ஊட்டும் என்ற பழைய கொள்கைக்கு இதைவிடத் தெளிவான ஆய்வுகூடம் அமையாது.

சான்றுக்குக் கிரொப். பாஸ்போட் சைஸ் படத்தின் அளவு 35 மில்லிமீற்றருக்கு 45. காலையில் ஒரு தம்பி அந்த அளவையும், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற செறிவையும் கருவியின் பெட்டியில் கொடுத்து, வேலை விண்ணப்பக்காரர் ஒருவரின் படத்தை வெட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார். பின்னேரம் அதே கதிரையில் இருப்பவர் ஒரு கல்யாணக் குழுப்படத்தைத் திறந்து, ஓரத்தில் வந்துவிட்ட தண்ணீர்த் தாங்கியை நீக்கக் கிரொப்பை எடுக்கிறார். கிடையாக இருக்கவேண்டிய சட்டம் நிமிர்ந்து நிற்கிறது. அகலத்தை இழுத்தால் உயரமும் கூடவே வருகிறது. மாப்பிள்ளை பெண்ணோடு தோழியர் இருவர் கொள்ளும்; மாமிமார் கொள்ளமாட்டார்கள். ஏதோ கோளாறு, பிறகு பார்க்கலாம் என்று என்டரை அமத்தினால் ஊரே நின்ற படம் 413 புள்ளிக்கு 531 புள்ளியாகச் சுருங்கிவிடும். அதன்மேல் சேமித்தும் விட்டால் மாமிமாரை எந்தத் தூரிகையாலும் மீட்கமுடியாது. வெட்டிய பகுதியை அழித்துவிடும் தெரிவை நீக்கி, சேமிக்கும்போது லேயர் வைத்த கோப்பாகவே வைத்திருந்தால் வெளியே போனவர்களைத் திரும்ப அழைக்கலாம். அந்தத் தெரிவை நீக்கி வைத்திருந்த ஸ்டூடியோவை இவ்வாய்வாளர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

எண் விசைகளின் கன்மம் வேறு வகை. தூரிகை கையில் இருக்கும்போது எண்ணை அமத்தினால் அடர்த்தி மாறும். 5 என்றால் 50 வீதம், 1 என்றால் 10. பனரின் அடியில் கடைத் தொலைபேசி எண்ணைப் போட நினைத்தவர், எழுத்துக் கருவி கையில் இல்லை என்பதைக் கவனியாமல் மட்டக்களப்பின் 065 இல் தொடங்கி முழு எண்ணையும் அடித்து முடிப்பார். திரையில் ஓர் இலக்கமும் விழாது. ஆனால் எண்ணின் வால் எதுவோ அந்த அடர்த்தியில் தூரிகை நின்றுவிடும். அடுத்தவர் தீட்டும்போது ஆவியைப்போல் ஒரு நிறம் வரும். மை முடிந்துவிட்டதா என்று அவர் பிரின்டரைத் திறந்து பார்ப்பார். பிரின்டருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சித்தாந்தம் கன்மத்தைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பகுக்கும். ஸ்டூடியோவில் இப்பகுப்பு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. முன்னிருந்தோர் எல்லோரும் விட்டுப்போன அமைப்புகளின் மூட்டை சஞ்சிதம். அதில் இன்றைக்கு நம் கையில் வந்து சிக்கிய கிரொப் அளவு பிராரத்தம். அது ஏனென்று விளங்காமல் பதற்றத்தில் கண்ட விசையை எல்லாம் அமத்தி அடுத்தவருக்குச் சேர்த்து வைப்பது ஆகாமியம். பரிகாரமும் படிமுறையாக உண்டு. கருவியின் குறியில் வலது பக்கம் அமத்தி 'மீட்டமை' என்று கொடுத்தால் அந்தக் கருவியின் வினை மட்டும் கழியும். முழுச் சஞ்சிதத்தையும் எரிக்கத் தீட்சை வேண்டும்: மென்பொருள் திறக்கும்போதே கொன்ட்ரோல், ஒல்ட், ஷிப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால், அமைப்புக் கோப்பை அழிக்கவா என்று கேட்கும். சம்மதித்தால் பிறந்த குழந்தையாக எழும்பும். நீங்கள் ஆசையாகச் செய்து வைத்த குறுக்கு விசைகளும் சேர்ந்தே போகக்கூடும் என்பதால் முன்னரே ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது. தீட்சை பெற்றவர்கள் அதன் பின்னும் கப்ஸ் லொக்கைப் போட்டு வைப்பார்கள். ஆணவத்துக்கு இதில் விலக்கில்லை.

கன்மம் பாவிப்பவரால் மட்டும் வருவதில்லை, மேலிருந்தும் வரும். 2018 ஒக்டோபரில் வந்த பதிப்பு வரை, படத்தின் அளவை மாற்றும்போது ஷிப்ட்டைப் பிடித்தால்தான் நீள அகல விகிதம் கெடாமல் இருக்கும். அந்தப் பதிப்பில் அடோபி இதைத் தலைகீழாக்கியது: ஒன்றையும் பிடிக்காவிட்டால் விகிதம் காக்கப்படும், ஷிப்ட்டைப் பிடித்தால் கெடும். காலமெல்லாம் ஷிப்ட்டில் சின்னவிரலை வைத்துப் பழகிய கைகள் அன்று முதல் முகங்களை அகலமாக்கின. பழைய முறைக்குத் திரும்ப ஒரு தெரிவு பின்னர் விருப்பங்கள் பகுதியில் வைக்கப்பட்டது. விருப்பங்கள் பகுதியை யார் திறக்கிறார்கள்?

இதனால் தொல்லியலுக்கு ஒரு புதிய காலக்கணிப்பு முறை கிடைக்கிறது. கண்ணீர் அஞ்சலிப் பனரில் முகம் பிதுங்கியிருந்தால், 2018 க்கு முந்திய பதிப்பில் அது மறதியின் விளைவு. பிந்திய பதிப்பில் ஞாபகத்தின் விளைவு. முறையில் உள்ள ஒரே சிக்கல், 2002 இல் வந்த 7 ஆம் பதிப்பை இன்றும் கைவிடாத கடைகள். "அது கரைச்சல் தராது" என்கிறார்கள். நியாயம்தான்; பழைய கீறலைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மூடும் ஹீலிங் பிரஷ் அந்தப் பதிப்பில்தான் வந்தது, வேறென்ன வேண்டும்?

இங்கே ஆய்வு நடையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்லடி, நாவலடிப் பக்கத்தில் வீடுகளோடு அல்பங்களும் போயின. ஓர் அடையாள அட்டைப் படத்தில் இருந்து சுவரில் மாட்டும் படத்தைப் பெருப்பிக்கச் சொல்லி ஒருவர் வந்தால், அந்தச் சின்னப் படம்தான் அவரிடம் உள்ள ஒரே படமாக இருக்கலாம். "அப்பாட முகம் இப்பிடி இல்லயே, தம்பி" என்று மகள் சொல்லும்போது, ஷிப்ட் விசை யார் பக்கம் என்ற விவாதத்துக்கு அங்கே இடமில்லை. திரும்பச் செய்து கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மும்மலத்துக்குள் அடங்காதவையும் உண்டு. பனரின் கனதி அதில் ஒன்று. 10 அடிக்கு 8 அடிப் பனரைப் பாஸ்போட் படத்தின் பழக்கத்தில் 300 செறிவில் திறந்தால் 36,000 புள்ளிக்கு 28,800 புள்ளி. ஒரு லேயருக்கே 311 கோடி பைட். வழக்கமான கோப்பு வடிவம் ஒரு பக்கத்துக்கு 30,000 புள்ளிக்கு மேல் ஏற்காது. அதற்கு முன்பே தற்காலிக வட்டு நிரம்பிவிட்டது என்று போட்டோஷொப் படுத்துவிடும். 72 செறிவில் அதே பனர் 18 கோடி பைட்டோடு முடிகிறது, பஸ்ஸில் போகிறவருக்கு வித்தியாசமும் தெரியாது.

மற்றது எழுத்து. பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று பல்லைக் காட்டும். யூனிகோட்டுக்கு மாறியவர்கள் வேறொன்றில் மாட்டினார்கள்: பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். செங்கலடியும் பெரியபோரதீவும் கொக்கட்டிச்சோலையும் இதில் பட்ட பாட்டை இங்கே அச்சிட்டுக் காட்டமுடியாது. கல்லடி ஏறத்தாழத் தப்பிவிட்டது.

பாமினியில் இன்னொரு கண்டுபிடிப்பு. நினைவஞ்சலியில் 'அம்மா' என்று போட நினைத்தவர் எழுத்துக் கருவியை எடுக்காமல் அடித்தால், முதலில் படும் எம் விசை செவ்வகத் தேர்வை எடுக்கும். கடைசியில் படும் எச் விசை கைக் கருவியை எடுக்கும். அம்மா என்று அழைத்தவருக்குத் திரையில் ஒரு கை வந்து நிற்கும். இதைச் சித்தாந்தத்தின் எந்தப் பிரிவில் வைப்பது என்பதை அறிஞர்கள் தீர்மானிக்கட்டும்.

எஞ்சியிருப்பது பரிந்துரை. காரைநகர் முதல் கல்முனை வரை எல்லா ஸ்டூடியோவுக்கும் இது பொருந்தும் என்றாலும், வாவிக்கரைத் தம்பிமாருக்கே முதலில் சொல்கிறோம். பாஸ்போட் படம் வெட்டி முடிந்ததும், சாப்பிடப் போகும் முன், கிரொப் பெட்டியில் உள்ள எண்களை அழித்துவிட்டு எழும்புங்கள். கப்ஸ் லொக்கையும் பார்த்துவிடுங்கள்.